சீமாட்டிக்குக் கெட்டிமேளம்

கோயில் தலைவர் தேவராஜின் அண்ணன் மகனைக் கட்டிக்கொண்ட கலா, அடி பொறுக்காமல் கைக்குழந்தையோடு வெளியேறினாள். அன்றோடு கோயில் வாசல் அவளுக்கு அடைபட்டது. இப்போது குழந்தைக்குக் காது குத்த வேண்டும்.

"சபையில விழுந்து கும்பிடட்டும். அப்பவே குத்திக்கலாம்" என்றார் தலைவர். காது குத்தும் நகைப் பத்தரையும் ஊசியோடு வரச்சொல்லிவிட்டார். அவள் விழுவதற்குத் தோதாக ஒரு சினிமாப் படத்தையும் பிடித்து வந்தார்.

அவர்கள் பேட்டையான பபேடானில் கரண்டு போகாமல் இருந்த ஒரு ஞாயிறு காலை, மண்டபத்துக் கதவுகளைச் சாத்தி, வெள்ளை வேட்டியில் படத்தை ஓட்டினார்கள். பேச்சில்லாக் காலத்துப் படம். இளவரசனை வேண்டாமென்ற சீமாட்டியை நாடு கடத்துகிறார்கள்; அவள் ஒரு படகுக்காரனிடம் மனசைக் கொடுக்கிறாள். இடையிடையே வரும் வெள்ளைக்கார எழுத்தைத் தலைவர் மைக்கில் தமிழாக்கிச் சொன்னார். படத்துக்குத் தவில், கலாவின் தகப்பன் பழனியப்பன். நாயனம், ரெங்கசாமி.

வாசல் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது; அதற்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் கலா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியில ராஜா கால்ல விழுவா. அப்ப மெதுவா, சோகமா வாசி. உன் மவ எந்திரிச்சு வருவா" என்று தலைவர் பழனியப்பனிடம் முன்னமே சொல்லியிருந்தார்.

"விழுவாளா?"

"எழுதியிருக்குய்யா."

"எழுதுனவன் விழுந்தானாமா?"

பழனியப்பனுக்கு எழுத்து ஓடாது. எழுத்து ஓடுகிறவன் வாயை அவர் நம்பினதும் இல்லை.

சீமாட்டி தரை புரளும் வெல்வெட்டுப் பாவாடையோடு அரசவைக்கு வந்தாள். உதடு அசைந்தது. எழுத்து வந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாவி நான். புத்தி கெட்டுப் போனேன்..."

மறுபடி அவள் முகம் வந்தது. பழனியப்பன் உற்றுப் பார்த்தார். கழுத்து வளையவில்லை. கழுத்திலிருந்த வைரமாலையைக் கழற்றி ராஜாவின் காலடியில் விட்டெறிந்தாள். இவளா விழப்போகிறாள்? திரும்பிப் பார்த்தார். கதவடியில் கலா தலையைக் குனிந்துகொண்டு எழுந்துகொண்டிருந்தாள்.

"உங்க காலே கதி..." என்று தலைவர் இழுத்தார்.

தாலி ஏறும் நேரத்தில் கெட்ட சொல் எதுவும் காதில் விழக்கூடாதென்று அடிப்பார்களே, அந்தக் கெட்டிமேளத்தை அடித்தார் பழனியப்பன். ரெங்கசாமியின் நாயனமும் பழக்கத்தில் பாய்ந்து சேர்ந்துகொண்டது. மைக் செத்தது போலாயிற்று. பெண்களின் கை தன்னால் பூஜைத் தட்டுக்குப் போனது. பூவும் அரிசியுமாகத் திரையில் வீசினார்கள்.

"யாருக்குப்பா கல்யாணம்?" என்று கூட்டத்திலிருந்து ஜெயம்மா கத்தியது பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை.

திரையில் சீமாட்டி ராஜாவுக்கு முதுகைக் காட்டிப் படகுக்கு நடந்தாள். கலா அதைப் பார்த்தாள். குனிந்த தலை நிமிர்ந்தது. வாசலைத் தாண்டி, பூவை மிதிக்காமல் நேரே வந்து தகப்பன் பக்கத்தில் சம்மணமிட்டாள். குழந்தையை மடியில் அமர்த்தித் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நிறுத்திராதே!" என்று அவர் காதோடு கத்தினாள். "பத்தரே, வாங்க!"

பத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவரின் வாய் அசைந்தது, கை ஆடியது, கண் சிவந்தது. என்ன சொல்கிறாரென்று எழுதிக் காட்ட ஆளில்லை.

பத்தர் ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. பழனியப்பன் இன்னும் ஓங்கி அடித்தார்.