போன முப்பது நாளில்

கோவில்பதாகை ரெண்டாவது தெருவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது ஒரே ஒரு ஆள். கையில் ஒரு அட்டை, சில தாள்கள். அதற்கே தெரு ஆடிப்போனது. வீட்டுக்கு வீடு என்ன வாங்குகிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று சர்க்கார் எழுதிக்கொண்டு போகிறதாம். வசதி தெரிந்தால் ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பார்வதம் டிவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

செலினும் சளைத்தவள் இல்லை. பூசைக்குப் போய்வந்த புடவையைக்கூட மாற்றாமல், மிக்ஸியை மூலையில் வைத்துப் பழைய போர்வையால் மூடினாள்.

கணக்கெடுக்க வந்த சம்பத், போன முப்பது நாளில் வாங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். செலினின் புருஷன் இக்னேஷியஸ் கைகட்டி நின்று பதில் சொன்னான்.

"கறி எவ்வளவு வாங்கினீங்க?"

"கறியா? கிறிஸ்மஸுக்குத்தான் சார். மத்த நாள்ல கஞ்சி."

ஸ்டவ்வில் ஆட்டுக்கறி கொதித்து மணம் வாசல்வரை போய்க்கொண்டிருந்தது. சம்பத் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். உள்ளே செலினால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வீட்ல சம்பாதிக்கிறது யாரு?"

"நான் ஒர்த்தன்தான் சார். அவ சும்மா ஊட்ல கீறா."

சிரிப்பு நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில், எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக்குக் காலர் தைக்கிறவள் அவள். இந்த மிக்ஸிக்காக நாலு மாதம் ஓவர்டைம் பார்த்தாள். அதற்கு முன்னால், வேலை விட்டு வந்து அம்மியில் அரைக்கும்போது முழங்கால் நடுங்கும். இப்போது அந்த அரைமணி நேரம் காலை நீட்டிப் படுக்கிறாள். மிக்ஸியை ஒளிக்கலாம், சரி. ஆளையே ஒளித்தால்?

ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து போர்வையை உருவினாள்.

"சார், அவர் சொன்னத அடிச்சிடுங்க. நான் வேலைக்குப் போறேன். இந்த மிக்ஸி நான் வாங்கினது. இன்னிக்குக் கறி எடுத்தது ஒரு கிலோ."

"ஏய், கார்டு பூடும்டி!"

"போனா போவட்டும். கடையில வாங்கித் துன்னலாம். என் ஒழைப்ப மறைச்சி வர்ற அரிசி எனக்குத் தொண்டைல எறங்காது."

"இது கார்டுக்கு இல்லம்மா, எத்தனை வாட்டி சொல்றது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டே சம்பத் புதுத்தாளை எடுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு பாக்கெட் எட்டு, பவுடர் ஒரு டப்பா. செலின் சொல்லச் சொல்ல, இக்னேஷியஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சினிமா?"

"அதெல்லாம் போறதில்ல சார்" என்றான் இக்னேஷியஸ். பாவம், இந்த ஒன்றை மட்டும் நிஜமாகவே நம்பிச் சொன்னான். சம்பளத்தன்று அவள் தாமதமாக வந்தால் ஓவர்டைம் என்றுதான் நினைத்திருந்தான்.

செலின் புருஷனை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"மாசம் ஒண்ணு சார். சம்பளத்தன்னிக்கு. நான் மட்டும். பால்கனி டிக்கெட்டு, இண்டர்வெல்ல ஒரு கோன் ஐஸ்."

சம்பத்தின் பேனா நின்றது. அவர் இக்னேஷியஸின் முகத்தைப் பார்த்தார்.

"அவர இன்னா சார் பாக்கறீங்க? அவரு காசு இல்ல அது. எழுதுங்க."