திங்கக்கிழமை பிரிக்காத கவர்

தேர்தல் அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு முன்னாடியே டுவேன் ஹால்செத் டவுன் ஹாலுக்கு வந்து, பார்வையாளருக்குப் போட்டிருந்த நாற்காலில கால் மேல கால் போட்டு உக்காந்துட்டான். முந்தின நாள் சாயங்காலம்தான் அவன் கூடப்பிறந்த அண்ணன் ஆர்லன் ஆஸ்பத்திரில செத்துப்போயிருந்தான்.

மார்லிஸ் உள்ள வந்தப்போ அவன் எந்திரிக்கக்கூட இல்ல.

"புருஷன் செத்த சூடு இன்னும் ஆறல. அதுக்குள்ள ஓட்டு எண்ண வந்துட்டியா, கிளார்க்கம்மா?"

"நீயும்தான வந்திருக்க. செத்தது உன் அண்ணன்தான?"

"உன் மேல ஒரு கண்ணு வைக்க வந்தேன்."

"வை. ரெண்டையும் வை."

ஆர்லனோட பொண்டாட்டிதான் மார்லிஸ். ஊர் ஆவணமும் தேர்தலும் பாத்துக்கிற கிளார்க்கும் அவதான். தேர்தலை நடத்தத் தெரிஞ்ச வேற ஆள் அந்த ஊர்ல கிடையாது. அவ வரலைன்னா ஓட்டுப்பதிவை ஆரம்பிக்கக்கூட முடியாது. பனி அள்ளுற லாரியும் ஓட்டு மெஷினும் ஒரே கட்டடத்துல இருக்கிறதால ஹால் முழுக்க டீசல் வாடை. தேர்தல் வேலைக்கு மேஜையில உக்கார வேண்டிய நார்பர்ட்டும் பெவும் அவளைப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னாங்க. பெவ் ஒரு தட்டு ஹாம் சாண்ட்விச்சை நீட்டினா. மார்லிஸ் வாங்கி ஓரமா வச்சுட்டு மெஷினை ஆன் பண்ணினா.

அன்னைக்கு ஓட்டுச்சீட்டுல ஊர்க்காரங்களை உசுப்பேத்தின கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். வடக்கு ரோட்டுல பெரிய பன்றிப் பண்ணை வரலாமா, கூடாதா? வரலாம்னு ஊர் சொன்னா, கம்பெனிக்காரன் டுவேனோட நிலத்தை வாங்கிக்குவான். கூடாதுன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். மார்லிஸ் வீடு அந்த நிலத்துக்கு எதிர்ல. காத்து அடிச்சா முதல்ல அவ சமையல்கட்டுக்குத்தான் நாத்தம் வரும்.

ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் பகை பன்றியால வந்ததில்ல. அது போன வருஷமே ஆரம்பிச்சது.

தபால் ஓட்டுக் கவரைத் தேர்தலுக்கு முந்தின நாள் திங்கக்கிழமையே பிரிச்சு மெஷின்ல போட்டுக்கலாம், எண்ணிக்கையை மட்டும் செவ்வாய்க்கிழமை ராத்திரி சொன்னாப் போதும்னு சட்டசபையில ஒரு மசோதா வந்துச்சு. மார்லிஸ் அதுக்கு ஆதரவாக் கமிட்டி முன்னாடி பேச, மாநிலத் தலைநகர் மேடிசன் வரைக்கும் காரை ஓட்டிக்கிட்டுப் போனா. ஒரே நாள்ல கவரும் பிரிச்சு, வரிசையில நிக்கிறவங்களையும் பாத்து, ராத்திரி தாமதமானா திட்டும் வாங்கணுமான்னு கேட்டா. அவளுக்கு அடுத்து மைக்கைப் பிடிச்சவன் டுவேன்.

"இந்தம்மா என் அண்ணிதான். அதனாலதான் சொல்றேன். திங்கக்கிழமை கவரைப் பிரிக்க விட்டீங்கன்னா, எங்க ஊர்ல கல்லறைல இருக்கிறவன் எல்லாம் ஓட்டுப் போடுவான். செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணி. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கூடாது!"

கூட்டம் சிரிச்சது. மசோதா கமிட்டியிலயே படுத்துடுச்சு. அதுக்கப்புறம் ஊரே கூடுற வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு மார்லிஸ் போனா பக்கத்து மேஜைக்காரன் முதுகைக் காட்டுவான். ஒருநாள் அவ தபால் பெட்டிக்குள்ள செத்த எலி ஒண்ணு கிடந்தது, பூனை சைஸுக்கு. கழுத்துல ஒரு சீட்டு: 'இவனுக்கும் ஒரு கவர் அனுப்பு.' ஆர்லன்தான் அதை மண்வெட்டியால எடுத்துப் புதைச்சான். தம்பியை ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கு மார்லிஸ் இன்னும் ஆர்லனை மன்னிக்கல. இனிமே எப்படி மன்னிக்கிறது?

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. ஜனங்க வந்தாங்க, போட்டாங்க, போனாங்க. நடுவுல நடுவுல நார்பர்ட் ஒவ்வொரு கவரா எடுத்து, பேரைச் சத்தமாப் படிச்சு, சாட்சி கையெழுத்து இருக்கான்னு பாத்து, பிரிச்சு, மடிப்பை நீவி மெஷின்ல விட்டான். மத்தியானம் ஒரு கவரை எடுத்தவன் வாயைத் திறந்துட்டு அப்படியே நின்னுட்டான்.

"படி, நார்பர்ட்"னா மார்லிஸ்.

"ஆர்லன் ஹால்செத்."

பெவ் மூக்கை உறிஞ்சினா. நார்பர்ட் மெதுவாக் கவரைக் கிழிக்கப் போனான்.

"கீழ வை."

"மார்லிஸ், யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல..."

"வைன்னு சொன்னேன்." கைப்பையிலேருந்து ஆஸ்பத்திரி கொடுத்த பேப்பரை எடுத்து மேஜைமேல போட்டா. "தேர்தல் நாளுக்கு முன்னாடி செத்ததுக்கு ஆதாரம் இருந்தா அந்த ஓட்டை எண்ணக்கூடாது. இதோ ஆதாரம்."

டுவேன் நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சான். "அவன் போடும்போது உயிரோடதானடி இருந்தான்!"

"டி போடாத. இருந்தான். நான்தான் சாட்சி."

"அப்புறம் என்ன?"

"நேத்துக் காலைல நான் கவரைப் பிரிச்சிருந்தா இது மத்த ஓட்டோட கலந்திருக்கும். யாராலயும் தேடி எடுக்க முடியாது. அப்போ அவன் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தான். அந்தத் திங்கக்கிழமையைத்தான் நான் மேடிசன்ல கேட்டேன். ஒரு நிமிஷம்கூடத் தர மாட்டேன்னது யாரு?"

ஓட்டுப் போட வரிசையில நின்னவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"கல்லறைக்காரன் ஓட்டு வேணாம்னு மைக்குல கத்தினியே. இப்ப உன் வீட்டுப் பொணம்னா இனிக்குதா?"

"அவன் ஆமாம்னுதான் போட்டிருப்பான். அது உனக்குத் தெரியும். அதான் அமுக்குற."

மார்லிஸ் ஆஸ்பத்திரி பேப்பரை நார்பர்ட் பக்கம் தள்ளினா. டுவேன் சொன்னது உண்மைதான். ஆஸ்பத்திரியில ஆர்லன் சீட்டுல கோடு போடும்போது அவ ஜன்னல் பக்கம் திரும்பித்தான் நின்னா. அவனாத்தான் கவரை ஒட்டிட்டுச் சொன்னான்: "ஆமாம்னு போட்டேன். கத்தாத. அவன் என் தம்பி." அவ கத்தல. அன்னைக்கு முழுக்க அவன்கூடப் பேசாமலே உக்காந்திருந்தா. அவனுக்கு மிச்சம் இருந்ததே அந்த நாலஞ்சு நாள்தான்.

நார்பர்ட் அவ முகத்தைப் பாத்தான், டுவேன் முகத்தைப் பாத்தான். அப்புறம் கவரைப் பிரிக்காமலே 'நிராகரிக்கப்பட்டது'ன்னு எழுதித் தனியா வச்சான்.

ராத்திரி கதவைச் சாத்தினதும் மெஷின் நீளமா ஒரு காகிதத்தைத் துப்புச்சு. நார்பர்ட் ரெண்டு தடவை படிச்சான். ஆமாமும் இல்லையும் சரிசமம். சமமா வந்தா கேள்வி தோத்த மாதிரி. பண்ணை கிடையாது.

டுவேன் கத்துவான்னு எல்லாரும் நினைச்சாங்க. அவன் கத்தல. மத்தவங்க கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போற வரைக்கும் காத்திருந்து, மேஜைக்குக் கிட்ட வந்தான்.

"சொல்லிடு. எனக்குத்தான போட்டான்?"

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஓட்டு ரகசியம்னும் சொல்லியிருக்கலாம். நாள் முழுக்கச் சட்டம் பேசினவளுக்கு அது ரொம்ப சுலபம்.

"உனக்குத்தான்"னா மார்லிஸ். "எனக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சே போட்டான்."

டுவேன் மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டான். அவன் முகம் கோணிக்கிட்டுப் போறதை அவ கண்ணைத் திருப்பாமப் பாத்தா. செத்த எலி வந்த நாள்லேருந்து இதைப் பாக்கத்தான் காத்திருந்தாளோ என்னமோ. பாத்தும் ஒண்ணும் ஆறல.

"உன்னை நான் சும்மா விட மாட்டேன்"னான்.

"விடாத."

அவன் கதவு வரைக்கும் போய், திரும்பிப் பாக்காமலே கேட்டான். "வெள்ளிக்கிழமை... சவப்பெட்டி தூக்குறதுக்கு ஆள் சொல்லிட்டியா?"

"ஆறு பேர் வேணும். அஞ்சு பேருக்குச் சொல்லியிருக்கேன்."

"ஆறாவது?"

மார்லிஸ் மெஷினை ஆஃப் பண்ணினா. "சர்ச்சுக்குப் பத்து மணிக்கு வந்துடு. என்கூடப் பேசாத."