ஆந்தைப் படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரை ரிமோட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, டிவி எத்தனை இஞ்ச், ஏன் இவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வருகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பகல் முழுக்க அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. வட்ட லென்ஸைச் சாணையில் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும். மாலையில் வீடு வந்து கைகால் கழுவியதும் அந்தக் கவனத்தையெல்லாம் அப்படியே சுவரில் மாட்டியிருக்கும் டிவிக்குத் திருப்பிவிடுவார்.

அவருக்குச் சரியான ஜோடி அவருடைய அக்கா. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளி இன்னொரு ஊரில், ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருந்தாள். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அந்தப் புத்தி டிவி முன்னாலும் போகாது. போன காட்சியில் இடது கையில் இருந்த வாட்ச் இந்தக் காட்சியில் வலது கைக்கு எப்படி வந்தது என்று நிறுத்தி, பின்னால் ஓட்டி, நோட்டில் எழுதி வைப்பாள். முக்கால் மணி நேர அத்தியாயம் அவளிடம் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. திரையைத் திறந்தால் இரண்டு சின்னப் படங்கள் வரும். சிங்கம் இவர், ஆந்தை அவள். ஆந்தையை அழுத்தினால் அவள் எந்தத் தொடரில் எத்தனையாவது அத்தியாயத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். பார்த்த அளவுக்குப் படத்தின் கீழே ஒரு சிவப்புக் கோடு நீண்டிருக்கும்.

இப்போது இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது ‘பூட்டிய துறைமுகம்’ என்ற துப்பறியும் தொடர். மொத்தம் அறுபது அத்தியாயம். இந்த மாதிரித் தொடர் ஒன்றை ஆரம்பித்தால் அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் போனில் பேசக் கூடாது. சட்டத்தைப் போட்டது அக்கா. காரணம் தம்பியின் வாய். முன்பு ஒரு தடவை, “சாப்பிட்டியாக்கா?” என்று கேட்ட கையோடு, “அந்த டாக்டர்தான் கொலைகாரன்னு நீ எதிர்பார்த்தியா?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். அக்கா மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“பேசினாத்தானே உளறுவே. முடிச்சிட்டுப் பேசு. நான் உசுரோட இருக்கேனான்னு சந்தேகம் வந்தா ஆந்தையைப் பாரு, போதும்” என்று சொல்லியிருந்தாள். இதைச் சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார்.

வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு அவர் ஆந்தையைப் பார்த்தார். முப்பத்தெட்டு. அவர் நாற்பத்தொன்பதில் இருந்தார். ஆமை மாதிரி பின்னால் வருகிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. ஒரு அத்தியாயம் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காபி டம்ளரோடு டிவியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆந்தைக்குக் கீழே ஐம்பத்து நான்கு என்று இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோடு ஒரு நூல் நகர்ந்தது.

“அடிப்பாவி!” என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “யாரைத் திட்டுறீங்க?”

“எல்லாம் உன் நாத்தனாரைத்தான். ஒரே ராத்திரியில பதினாறு அத்தியாயம் தாண்டியிருக்கா.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். “தூங்கவே இல்லையா அவங்க? இந்த வயசுல இது என்ன கூத்து? ஒரு போன் போட்டுப் பாருங்களேன்.”

“தூங்காம பார்த்தாளாம்! வாட்ச் எந்தக் கையில இருக்குன்னு பாக்குறவ ராத்திரியில ரெண்டு பார்த்தாலே பெரிசு. ஓட்டி ஓட்டித் தள்ளியிருப்பா. கடைசியில யாருன்னு எனக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். ஊருக்கே சட்டம் போட்டுட்டு இவ பண்ற வேலையைப் பாரு.”

“எனக்கென்னமோ சரியாப் படலைங்க.”

“போன் பண்ணினா நான்தான் சட்டத்தை மீறினேன்னு ஆடுவா. அவளா பண்ணட்டும்” என்றார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருந்தது. எத்தனை வயதானாலும் அக்காவிடம் தோற்பது தம்பிகளுக்குப் பிடிப்பதில்லை. டிவியை அணைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

கடையில் அன்று வேலை ஓடவில்லை. ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டார். அது ஃபிரேமிலிருந்து இரண்டு தடவை நழுவி விழுந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, “என்ன சார், கவனம் எங்க இருக்கு?” என்று கேட்டார். இவர் தலையைச் சொறிந்தார். கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல வேறு எதுவாகவோ மாறிக்கொண்டிருந்தது. அது என்னவென்று பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் ஆந்தையை அழுத்தினார். ‘பூட்டிய துறைமுகம்’ முடிந்திருந்தது. அறுபதும் தீர்ந்து, அதற்கு மேலே புதிதாக ஒரு நிகழ்ச்சி வந்து உட்கார்ந்திருந்தது. சமையல் போட்டி. இரண்டாவது அத்தியாயம். கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. சமையல் போட்டி என்றாலே அக்காவுக்கு ஆகாது. “குழம்பு தீஞ்சதுக்கு எதுக்குடா இவன் இப்படிக் குலுங்கிக் குலுங்கி அழறான்?” என்று கேட்டு எழுந்து போய்விடுவாள். அந்த நிகழ்ச்சியின் விளம்பரம் வந்தால்கூட சத்தத்தைக் குறைக்கிறவள். அவளாக இதைப் போட்டிருக்க மாட்டாள்.

அப்படியானால் போட்டது யார்?

வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. யாரும் போடவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்ததை டிவி தானாகவே போட்டுக்கொள்ளும். நடுநடுவே, ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று கேட்டு, பதில் வராவிட்டால் நின்றுவிடும். ஆனால் அக்கா வீட்டில் அது கேட்காது. போன மாதம் போயிருந்தபோது, “நான் எழுதிக்கிட்டு இருக்கும்போது பொசுக்குன்னு நின்னுடுதுடா, பாக்காம பின்ன தூங்கவா செய்றேன்?” என்று அவள் குறைப்பட்டாள். அவர் அரை மணி நேரம் எதையெதையோ நோண்டி அந்தக் கேள்வியே வராதபடி செய்துவிட்டு வந்திருந்தார். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு வேறு வந்தார்.

அக்காவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஓய்ந்தது. அக்கா வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் ஒரு மாற்றுச் சாவி இருந்தது. அவரைக் கூப்பிட்டார்.

“அக்காவா சார்? நல்லாத்தானே இருக்காங்க” என்றார் தையல்காரர். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. “நேத்து சாயங்காலத்துலேர்ந்து டிவி நிக்கவே இல்ல. பேச்சும் சத்தமுமாத்தான் இருக்கு.”

“நீங்க அவங்களைப் பார்த்தீங்களா?”

மிஷின் நின்றது. “பார்க்கல சார். சத்தம் கேட்டுச்சு, அதான்...”

“தயவுசெஞ்சு சாவியை எடுத்துக்கிட்டு மேல போங்க. போனை வைக்காதீங்க.”

படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் டிவிச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. யாரோ ஜெயித்திருக்க வேண்டும், கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. தையல்காரர் கதவைத் தட்டினார். “அம்மா! அம்மா!” பதில் இல்லை. சாவி திரும்பியது. கைதட்டல் காதைப் பிளந்தது. டிவிக்கு அந்தப் பெரிய ஸ்பீக்கரை வாங்கிக் கொடுத்ததும் தம்பிதான், பொருத்திக் கொடுத்ததும் தம்பிதான்.

“டிவியை நிறுத்துங்க!” என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்தம் நின்றது. பிறகு தையல்காரர், “ஐயோ, அம்மா...” என்றார். அதற்கப்புறம், “சார், மூச்சு இருக்கு சார். சமையல் ரூம் வாசல்ல கிடக்கிறாங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன், நீங்க கிளம்பி வாங்க” என்றார்.

இரண்டு மணி நேரப் பயணத்தில் அவர் என்ன நினைத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ‘காலையிலேயே சொன்னேனே’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசினார். “தண்ணி குடிக்கப் போனவங்க ஈரத்துல வழுக்கி விழுந்திருக்காங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. அதுகூடப் பரவாயில்ல. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல ஒரே பக்கமா, தண்ணிகூட இல்லாம கிடந்திருக்காங்க. சிறுநீரகம் பழுதாகியிருக்கு. ராத்திரியே கொண்டு வந்திருந்தா நான் தைரியமாப் பேசியிருப்பேன். காலையில வந்திருந்தாக்கூட நிலைமை வேற. இப்ப ரெண்டு நாள் போகட்டும்.”

அக்கா சின்னதாகிப் போயிருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசி குத்தாத கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள்.

“வந்துட்டியா?” குரலே இல்லை, காற்றுத்தான் வந்தது.

“வந்துட்டேன்க்கா. பேசாதே.”

அவள் பேசினாள். “போன் சோபாவுலயே கிடந்துச்சுடா. அடிச்சது கேட்டுச்சு. நகர முடியல. ஒண்ணு முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்குள்ள பத்து விநாடி டிவி சும்மா இருக்கும். அதுக்காகக் காத்துக்கிட்டே கிடப்பேன். சும்மாயிருச்சுன்னா கத்துவேன். அப்புறம் அது ஆரம்பிச்சிரும். எத்தனை தடவை கத்தினேன்னு தெரியல. விடிஞ்சு வெளிச்சம் வந்தப்பகூடக் கத்தினேன். அதுக்கு மேல தொண்டை வரல.”

“கீழ யாருக்கும் கேக்கலையாக்கா?”

“கதைன்னு நெனச்சிருப்பாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் முகத்தையே பார்த்தாள். “உனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஆந்தை இப்படி ஓடுதே, தம்பி பார்த்தா உடனே புரிஞ்சுக்குவான்னு நெனச்சுக்கிட்டே கிடந்தேன். நீ பார்க்கலையாடா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மனைவிகூடத் தன் காலை அவர் பக்கம் நகர்த்தி லேசாக இடித்தாள், சொல்ல வேண்டாம் என்பதுபோல. ஆனால் அக்காவிடம் அவருக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வந்ததில்லை.

“காலையில ஏழு மணிக்குப் பார்த்தேன்க்கா” என்றார். “என்னை முந்துறதுக்காக ஓட்டி ஓட்டிப் பாக்குறேன்னு நெனச்சேன். கோவிச்சுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டேன்.”

அக்கா திட்டவும் இல்லை, அழவும் இல்லை. அவர் கைக்குள் இருந்த தன் கையை மெதுவாக உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.