மூன்று அங்குலப் பொய்

அரைப்படி, வில் செய்துகொடுத்த தன் மச்சானுக்குத் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். கையில் காசு இல்லாமல் இல்லை. குடோனில் மூட்டை தூக்கிச் சேர்த்தது டப்பாவில் கிடந்தது. வீம்புதான் தரவிடவில்லை.

ஆள் குள்ளம். குடோனில் எல்லாரும் அரைப்படி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்புவான். சிரிப்பு உதட்டோடு சரி.

மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் வில்லை இழுக்க நாற்பத்தைந்து ராத்தல் பலமாவது, அதாவது இருபது கிலோ, பிடிக்க வேண்டும். குறைந்தால் அம்பு ஆழமாக இறங்காது. மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். மச்சான் இழைத்துக் கொடுத்த வில்லில் ஐம்பது என்று எழுதியிருந்தது. சீட்டு ஆபீசில் அரைப்படியை இழுக்கச் சொல்லி, அவன் கை நின்ற இடம்வரை கொக்கித் தராசு மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு. போய்விட்டு வா என்றார்கள். சீட்டு கொடுப்பது இன்னும் நாலே நாள்.

"மச்சான் ஏமாத்திட்டாரு" என்று குடோன் முழுக்கச் சொன்னான். அதைக் கேட்டு இரண்டு பேர் மச்சானிடம் போய், வில்லுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வில்லைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான். பின்னாலேயே பெண்டாட்டியும் போனாள், அண்ணனும் புருஷனும் அடித்துக்கொள்ளக் கூடாதே என்று.

மச்சான் அதைக் கையில் வாங்கினார். வில்லைச் சுவர்க்கட்டையில் மாட்டி, நாணில் தராசைக் கோத்து இருபத்தெட்டு அங்குலம் இழுத்தார். முள் ஐம்பதில் நின்றது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? நாணை இழுக்கிற தூரம் ஒரு அங்குலம் குறைஞ்சா ரெண்டரை ராத்தல் போயிடும். உங்க இழுப்பு எவ்வளவுன்னு அன்னிக்கே கேட்டேனே, என்ன சொன்னீங்க?"

"இருபத்தெட்டு."

பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். "இருபத்தெட்டா! அண்ணே, இவர் வாங்குற சட்டைக்கெல்லாம் கையை மூணு அங்குலம் மடிச்சுத் தைக்கிறவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அரைப்படிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அன்னிக்கு இங்க மூணு நெட்டைப் பசங்க நின்னாங்க மச்சான். எல்லாரும் இருபத்தெட்டு, இருபத்தொம்பதுன்னாங்க. எனக்கு இருபத்தஞ்சுன்னு வாய் வரல."

மச்சான் தலையைச் சொறிந்தார். "நானும் டேப்பை வச்சுப் பாத்திருக்கணும். கையை நீட்டுங்கன்னு தங்கச்சி புருஷன்கிட்ட சொல்ல ஒரு கூச்சம்... சரி, சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனா நுனியை வெட்டிக் குட்டையாக்கினா இழுவைப் பலம் ஏறும். முறிஞ்சாலும் முறியும்."

"வெட்டு அண்ணே. குட்டைக்கு முறுக்கு ஜாஸ்தின்னு எனக்குத் தெரியாதா" என்றாள் பெண்டாட்டி.

இரண்டு நுனியிலும் ஒன்றரை அங்குலம் போனது. நாண் மாட்டப் புது வெட்டு போட்டு, நாண் ஏற்றி, தராசைக் கோத்து மெல்ல இழுத்தார். இருபத்துநாலில் மரம் முனகியது. இருபத்தைந்து. முள் நாற்பத்தாறைத் தொட்டு நின்றது.

அரைப்படி மடியில் கை வைத்தான்.

"காசு இருக்கட்டும். கெட்டுப்போன என் பேரைத் திருப்பிக் கொண்டாங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்."

மறுநாள் காலையில் சீட்டு கிடைத்தது. டீ நேரத்தில் அரைப்படி மூட்டை மேல் ஏறி நின்றான். "வில்லு மேல குத்தமில்லப்பா. என் இழுப்பு இருபத்தஞ்சு. நான்தான் மூணு அங்குலம் புளுகிட்டேன்." குடோனே சிரித்தது. அவனும் சிரித்தான், வயிறு வலிக்க.

சாயங்காலம், முன்பணம் வாங்கிப்போன இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் நிறுத்தினான். மச்சான் முதலில் டேப்பை எடுத்து அவர்கள் கையை அளந்தார். பிறகு அரைப்படியிடம் மூவாயிரத்து எழுநூற்று நாற்பதையும் எண்ணி வாங்கி, பாக்கிச் சீட்டைக் கிழித்து மரச்சீவல் குப்பையில் போட்டார்.