மையவாடிக்கு வழி

ஒலிபெருக்கி கரகரத்தபோது முஸ்தாக் சம்மாந்துறை அரிசி ஆலையின் முற்றத்தில் நின்று, ஒரு பிடி நெல்லை அள்ளி விதுசாவின் உள்ளங்கையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்டப் பல்லில வெச்சுக் கடிச்சுப் பாருங்க தங்கச்சி. டக்கெண்டு உடைஞ்சா காய்ஞ்ச நெல்லு. நசுங்கினா இன்னும் வெயில் காணாது. உங்கட அப்பா இஞ்ச வேலை செய்யக்குள்ள ஒரு நாளைக்கு நூறு தரம் இப்படிக் கடிச்சிருப்பாரு."

விதுசா லண்டனில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா சாமித்தம்பி எண்பதுகளில் இந்த ஆலையில் நெல் காய வைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் லண்டனிலேயே கண்ணை மூடினார். அவர் நடந்து திரிந்த இடங்களை மட்டும் ஒரே நாளில் சுற்றிக் காட்ட வேண்டும், கூட வேறு ஆட்கள் வேண்டாம் என்று சொல்லித்தான் முஸ்தாக்கைப் பிடித்திருந்தாள். இன்று இரவு அவளுக்குக் கொழும்பு பஸ். நாளைக்கு விமானம்.

முஸ்தாக் நல்ல வழிகாட்டி. அதை அவனே நாலு பேருக்குச் சொல்வான் என்பது வேறு கதை. ஆள் ஓட்டோவில் ஏறியதும் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, சீற்றுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவான். கடல் தாண்டி வந்த மனிசரை வைத்துக்கொண்டு போனைத் தடவுகிறவன் வழிகாட்டியா என்று மற்ற ஓட்டோக்காரர்களிடம் கேட்பான். வந்துபோனவர்களும் அதையே மெச்சி எழுதினார்கள். மெச்சல் ஏறிய தலையில் வேறு எது ஏறும்?

"இதக் கேளுங்க," என்றான், ஒலிபெருக்கியைக் காட்டி. "இது எங்கட ஆக்கள்ட ரேடியோ. மௌத்து அறிவிக்கிறாங்க."

"ஜனாஸா அறிவித்தல்" என்றது பள்ளிவாசல். "சம்மாந்துறையைப் பிறப்பிடமாகவும் கல்முனைக்குடியை வசிப்பிடமாகவும் கொண்ட..."

"முதல் ஊரச் சொல்லுவாங்க. எங்கட பக்கம் ஆம்பிளைதான் கலியாணம் முடிச்சுப் பொஞ்சாதி வீட்டுக்குப் போறது. அதால ரெண்டு ஊர் வரும், பிறந்த ஊரும் போன ஊரும். ரெண்டு ஊர்லயும் அறிவிப்பாங்க."

"...பக்கீர் முகைதீன் அவர்கள் இன்று காலை வபாத்தானார்கள்."

"வபாத்தெண்டா என்ன அண்ணா?"

"மௌத்தாகிட்டாரு எண்டு அர்த்தம். செத்துட்டாரு எண்டு சொல்ல மாட்டம்," என்றான் முஸ்தாக். அவனுடைய வாய் வழக்கப்படி ஓடியது. பக்கீர் முகைதீன் என்று ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

"அன்னார் மர்ஹூமா சல்மா உம்மா அவர்களின் கணவரும்..."

"மர்ஹூமா எண்டா அவங்க முந்தியே மௌத்து. பிறகு, பிறகு பிள்ளைகள்ட பேர் வரும்."

"...சுஹறா, முஸ்தாக் ஆகியோரின் அன்புத் தந்தையும் ஆவார். ஜனாஸா இன்று அஸர் தொழுகையின் பின்..."

நெல்லைக் கையில் வைத்தபடி விதுசா அவனைப் பார்த்தாள். "அண்ணா, உங்கட பேரும் முஸ்தாக்தானே?"

"ஓம்," என்றான் அவன். "ஓம், தங்கச்சி. அது நான்தான்."

பெட்டியைத் திறக்கச் சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. விதுசாதான் வாங்கித் திறந்தாள். இருபத்திமூன்று அழைப்புகள். எல்லாம் கூடப்பிறந்த சுஹறா ராத்தாவின் இலக்கம். கடைசி அழைப்பு ஒன்பது ஐம்பதுக்கு. அதன் பிறகு ஒன்றுமில்லை.

"நீங்க போங்கண்ணா, நான் பஸ் பிடிச்சுப் போவன்," என்றாள் விதுசா.

"நில்லுங்க தங்கச்சி, ஒரு ஓட்டோ பிடிச்சுத் தாறன். திருக்கோவில் கோயில் மத்தியானம் பூட்டிருவாங்க, அதுக்குள்ள நீங்க..." என்று அவன் தெருவைப் பார்த்தான். பாவம், வாப்பா மௌத்தான சேதி காதில் விழுந்த பிறகும் கோயில் பூட்டுகிற நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வயல்வெளிக்கு நடுவே நேரே கிடந்த அந்த ரோட்டில் அவன் ஓட்டோவை விரட்டினான். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வழக்கம்போல ராத்தா வீட்டுக்குப் போயிருந்தான். நற்பிட்டிமுனையில் மனைவி ஹுஸ்னியாவின் வீட்டில் குடியிருந்தாலும், வாப்பா பாயில் விழுந்த மூன்று மாதமாக ஒரு காலையையும் அவன் தவறவிட்டதில்லை. இன்று வாப்பா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். அரைக் கோப்பை தேத்தண்ணி குடித்தார். ரஸ்க் கேட்டார்.

"ஆள் தெளிஞ்சிட்டாரு," என்றான் முஸ்தாக்.

"இண்டைக்குப் போகாதடா," என்றாள் ராத்தா, வாசல் வரைக்கும் வந்து. "வாப்பாட முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"உனக்கு எப்பவும் பயம்தான். பின்னேரம் வந்துருவன்."

அந்தப் 'பின்னேரம்' என்ற சொல்லை அவன் காரைதீவுச் சந்தி வரைக்கும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்திருந்தன. உள்ளே பெண்கள் குர்ஆனின் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாப்பாவை வடக்கே தலை வைத்துக் கிடத்தி, நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் ராத்தா இருந்தாள். அவளோடு சேர்ந்து அழ வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவன், "ராத்தா" என்றான். அவள் நிமிரவில்லை. வாப்பாவின் நெற்றியில் வந்திருந்த ஒரு ஈயை முந்தானையால் விரட்டினாள். முஸ்தாக் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தான்.

ராத்தாவின் புருசன் றிம்சான் கதிரை விரித்துக்கொண்டிருந்தார். 

"மச்சான், கடைசியா வாப்பா ஏதும் சொன்னாரா? என்னக் கேட்டாரா?"

றிம்சான் ஒரு கதிரையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். "நான் சந்தைக்குப் போயிருந்தன். ராத்தாட்டக் கேளு தம்பி."

யாராவது திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். போனை எங்கடா வெச்சிருந்த என்று ஒரு ஆள் கேட்டிருந்தால், ஓமடா, நான்தான் மடையன் என்று சத்தம் போட்டு அழுதிருப்பான். ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்து, "சபூர் செய்ங்க" என்று பொறுமை சொல்லிவிட்டுப் போனார்கள்.

குளிப்பாட்டும்போது பள்ளிவாசல் லெப்பை, "மகன் ஊத்தட்டும், வலப்பக்கத்தால தொடங்குங்க," என்றார். முஸ்தாக் ஊற்றினான். ஒரு காலத்தில் ஊர் இரும்புப் பாலத்துக்குக் கீழே தோணி தள்ளிய வாப்பாவின் தோள்கள் அவை. இப்போது அவன் கைக்குள் அடங்கின. உதட்டில் தண்ணீர் பட்டபோது அவனுக்குத் தாங்கவில்லை. காலையில் கடைசியாக ஒரு கரண்டித் தண்ணீர் இந்த வாய்க்குள் விடக் கொடுத்து வைக்காத கைதானே இது என்று நினைத்தான். ஊற்றுவதை நிறுத்தினான். லெப்பை அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊற்ற வைத்தார்.

கபன் துணி சுற்றி, அத்தர் பூசி முடித்தபோது மத்தியான லுஹர் தொழுகையும் முடிந்திருந்தது. விதுசா இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டு முனவ்வறா அவளுக்குத் தலையை மூட ஒரு சால்வை கொடுத்து, பெண்களுக்கு நடுவில் இருத்தியிருந்தாள். ஊருக்கு அந்நியமாக வந்த பிள்ளை, தெரியாத மனிசரின் மரண வீட்டில் பசியோடு இருந்தாள். முனவ்வறா வீட்டிலிருந்து வந்த சோற்றையும் தொடவில்லை. புறப்படும்போது ராத்தாவிடம் போய்க் குனிந்தாள்.

"அக்கா, நான் கூப்பிடாட்டி அவர் இஞ்ச இருந்திருப்பார்."

ராத்தா அவளுடைய கையைப் பிடித்தாள். "உங்கட அப்பாட இடமெல்லாம் பாத்தீங்களா மகள்?"

"பாதிதான் பாத்தன்."

"மிச்சத்தையும் பாத்திட்டுப் போங்க. வாப்பாமார்ட இடத்தப் பாக்கிறது லேசில்ல." பிறகு முனவ்வறாவைப் பார்த்து, "கோயில் பின்னேரம் திறப்பாங்க, உன்ட மகன்ட ஓட்டோவில திருக்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. பிறகு பஸ்ஸடியில விடட்டும்," என்றாள்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற முஸ்தாக் அவ்வளவையும் கேட்டான். அவன் வந்து சேர்ந்த பிறகு ராத்தா பேசிய முதல் பேச்சு அது. அதுவும் அவனோடு இல்லை.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து, வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். ஆண்கள் கலிமாச் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்க, பெண்கள் வாசலோடு நின்றார்கள். அந்த ஊரில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. ராத்தா மதில் ஓரம் வரைக்கும் வந்தாள். வளைவில் சந்தூக்கு மறையும் வரைக்கும் அவள் நின்றதை, அதன் முன்காலைத் தோளில் சுமந்து போன முஸ்தாக் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கடற்கரை மணலில் குழி வெட்டினால் கரை நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். பலகை அடித்து நிறுத்தியிருந்தார்கள். முஸ்தாக் உள்ளே இறங்கி வாப்பாவின் தலையை வாங்கினான். முகத்தை மேற்கே கிப்லாப் பக்கம் திருப்பி, கன்னத்துக்குக் கீழே மண் உருண்டை வைத்தான். மேலே ஏறி மூன்று பிடி மண் போட்டான். எல்லாம் முறைப்படி நடந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, வந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போனார்கள். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. முனவ்வறா அனுப்பிய தேத்தண்ணியை ராத்தா இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு பின்வளவுக்கு வந்தாள். அங்கே கிணற்றுக்கட்டில் முஸ்தாக் இருந்தான். ஒரு கோப்பையை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரில் கிடந்த கதிரையில் இருந்தாள்.

"ராத்தா," என்றான். "வாப்பா என்னக் கேட்டாரா?"

அவள் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள்.

"பொய் சொல்லட்டா, உள்ளதச் சொல்லட்டா?"

"உள்ளதச் சொல்லு."

"நீ போய்க் கொஞ்ச நேரத்தில மூச்சு இழுக்கத் தொடங்கிட்டு. முஸ்தாக் எங்க, முஸ்தாக் எங்க எண்டாரு. உனக்குப் போன் அடிச்சன். நீ எடுக்கல்ல. திரும்ப அடிச்சன். எனக்கு என்ன செய்யிறதெண்டு விளங்கல்லடா. போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர்ட காதுக்குக் கிட்ட வெச்சன்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்த றிங் போற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கிடந்தாரு. 'அடிக்குது. எடுப்பான்' எண்டாரு. நிண்டு போனா, திரும்ப அடி எண்டு கையக் காட்டினாரு. நான் அடிச்சிக்கிட்டே இருந்தன். கடைசி வாய்க்கு மக்கத்து ஸம்ஸம் தண்ணி விட்டன், கலிமாச் சொல்லிக் கொடுத்தன். எல்லாம் அந்த றிங்குக்கு இடையிலதான். கடைசியா அடிச்சது முழுசாப் போய் முடியல்ல. அதுக்குள்ள..."

முஸ்தாக் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். பகல் முழுக்க வராத அழுகை வந்தது. முதுகு குலுங்கக் குலுங்க அழுதான். ராத்தா எழுந்து வரவில்லை, தலையைத் தடவவில்லை. அழட்டும் என்று விட்டாள். அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பொய் சொல்லவும் அவளுக்கு வராது.

அழுது ஓய்ந்து அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபோது, கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"சரி," என்றாள் ராத்தா. "நான் கண்டதச் சொல்லிட்டன். நீ கண்டத எனக்குச் சொல்லு. வாப்பாவ எங்க வெச்சீங்க?"

"உம்மாட பக்கத்தில இடமில்ல ராத்தா. மூணு வரிசை தள்ளித்தான் கிடைச்சது."

"உம்மாட இடத்தையே நான் காணல்ல. மூணு வரிசையெண்டா எனக்கு என்ன விளங்கும்?" அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஊருலகத்துக்கெல்லாம் வழி காட்டுறாய்தானே. எனக்கும் காட்டு. கேற்றால இருந்து சொல்லு."

முஸ்தாக் தொண்டையைச் செருமினான். "கடற்கரை ரோட்டால வந்தா பச்சைக் கேற்று. உள்ளுக்குப் போனதும் இடப்பக்கம் ஒரு பூவரசு. அதத் தாண்டி நேரே நடந்தா, சுனாமியில போன ஆக்கள்ட கபுறுகள். அதுக்கு அடையாளம் வெக்கிற மீஸான் கட்டை ஒண்டும் இல்ல, மணல் மேடுதான். அதச் சுத்தி வலப்பக்கம் திரும்பினா..."

"மெல்லச் சொல்லுடா." ராத்தா கண்ணை மூடியிருந்தாள். "நான் இன்னும் கேற்றடியிலதான் நிக்கன்."

அவன் நிறுத்தினான். 

"செருப்பக் கழட்டணுமா?" என்று கேட்டாள்.

"ஓம் ராத்தா. எல்லாரும் கழட்டிட்டுத்தான் போவாங்க."

அவள் கண்ணைத் திறக்காமலே, காலிலிருந்த செருப்பு இரண்டையும் கழற்றிக் கதிரைக்கு ஓரமாகச் சேர்த்து வைத்தாள்.