படகைத் தள்ளியது யார்?

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் மனைவி ஹஃபீலா சோறு போட்டுக்கொண்டே சொன்னது. சொல்லிவிட்டு அவள் சாப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீலக்கடல் அமைதியாக...

இல்லை. வகுப்பறையில் தொடங்குவதுதான் நியாயம். தரம் ஆறு. இயக்கம் பற்றிய முதல் பாடம். ஹஃபீலா மேசையில் ஒரு பந்தை வைத்தாள்.

"இது தானா அசையுமா?"

"இல்ல டீச்சர்!"

"அசையணும் எண்டா?"

"ஆராச்சும் தள்ளணும்!"

றைஸா எழுந்தாள். (அவளை வர்ணித்து ஒரு வரி எழுதி வெட்டிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு என் உவமை எதற்கு?)

"டீச்சர், எங்கட வாப்பாட போட் எஞ்சின் நிண்டும் கரைக்கு வந்திச்சி. அப்ப வாப்பாதானே தள்ளி உட்டீப்பாங்க?"

3

றைஸாவின் வாப்பா மர்ஸூக் கடலுக்குத் தனியாகப் போனவர். வெறும் படகுதான் திரும்பியது. கடலில் தேடியும் மையித்து கிடைக்கவில்லை.

"காத்தும் தள்ளும் புள்ள," என்றாள் ஹஃபீலா. "சோழகக் காத்து கரையப் பாத்துத்தான் அடிக்கும். நீரோட்டமும் ஈக்கி."

சரியான விடை. றைஸா உட்கார்ந்தாள். ("அப்ப வாப்பா எங்க?" என்று அவள் அழுததாக ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். பொய். அவள் ஒன்றும் கேட்கவில்லை.)

4

மறுநாள் அவளுடைய உம்மா ஸுலைஹா பாடசாலைக்கு வந்தாள்.

"வாப்பா போட்டத் தள்ளி உட்டுட்டு, எங்கயோ கரையேறி ஈக்காரு எண்டுதான் புள்ள நெனச்சிட்டீந்த. இப்ப, வாப்பா மௌத்தா எண்டு கேக்குது. நான் என்னத்தச் சொல்ற?"

"நான் பாடத்தத்தான்..."

"பாடம் சரி டீச்சர். நான்தான் இன்னும் இத்தா இருக்கல்ல."

(இத்தா: கணவன் மௌத்தானால், அதாவது இறந்தால், அதன்பின் மனைவி வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் காலம். ஸுலைஹா அதுவரை கடைக்கும் கடற்கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். நம்பிக்கொண்டிருந்தது பிள்ளை மட்டுமல்ல.)

5

ஒரு முடிவு: ஹஃபீலா மன்னிப்புக் கேட்கிறாள். எதற்கு?

இன்னொரு முடிவு: மர்ஸூக் ஒரு தீவில் உயிரோடு... எழுதக் கை கூசுகிறது.

நடந்தது இவ்வளவுதான். ஸுலைஹா வீட்டுக்குப் போய் வெள்ளை உடுத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். றைஸா பாடசாலைக்கு வருகிறாள். கேள்வி கேட்பதில்லை.

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?" என்று ஹஃபீலா கேட்கிறாள். பொய் எழுதிப் பிழைப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? நீங்கள் சொல்லுங்கள். நாளைக் காலை முதல் பாடவேளை அவளுக்குத் தரம் ஆறில்.