குழிந்த முகம்

பேரரசியைச் சிதையேற்றி எட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் செனட் சபை கூடி அவளைத் தெய்வமாக்கிவிட்டது. தெய்வமானால் நாணயம் வேண்டாமா? ரோமாபுரி நாணயச் சாலையில் விடிந்ததிலிருந்து சுத்தியல் ஓயவில்லை. கீழே கல்லில் பதித்த அச்சில் அவள் முகம். மேலே கையில் பிடிக்கும் அச்சில் அவளை வானுலகுக்குச் சுமந்து போகும் மயில். நடுவே சுட்ட வெள்ளி வில்லையை எபாப்ரா இடுக்கியால் வைப்பான், அவன் மச்சான் ஹிலாரஸ் ஓங்கி அடிப்பான். இருவரும் அரண்மனை அடிமைகள்.

எபாப்ராவின் புத்தி எங்கே போயிற்றோ, அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. அடுத்த வில்லையில் மயிலுக்குப் பதில் அவள் முகமே குழியாக இறங்கிவிட்டது.

"போச்சு மச்சான். இது மூணாவது தப்பு. ஸ்பெயின் சுரங்கத்துக்குத்தான் அனுப்புவாங்க. உன் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிரு."

"சும்மா இருய்யா. மேஸ்திரி வர்றதுக்குள்ள உலையில போட்டுட்டு வர்றேன்."

உலை பத்தடிதான். ஹிலாரஸ் காசை நெருப்பருகே நீட்டினான். வெளிச்சம் பட்டதும் குழிந்திருந்த முகம் புடைத்து எழுந்தது. கையைச் சாய்த்தான், அவளும் மெல்லத் திரும்பினாள். இது எப்படி நேர்ந்தது என்று அவனுக்குத் தெரியும், அடித்ததே அவன்தான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. தங்கை புருஷனின் உயிர் ஊசலாடுகிறது, போடு போடு என்று மனம் அடித்துக்கொண்டது. விரல் விடவில்லை.

"என்னடா கையில?" மேஸ்திரி ஆக்டஸ் பின்னால் நின்றார். நாற்பது பேரைச் சாட்டையால் அடித்த மனிதர். பிடுங்கிப் பார்த்த உடனே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், காசை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வாய் திறந்தபடியே நின்றது. பிறகு, ரோமர்கள் பூசையில் செய்வது போல, மேலங்கியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"ஒட்டினதைப் பாக்காம விட்டது நான்தாங்க," என்றான் எபாப்ரா. "உருக்கிரட்டுமா ஐயா?"

மேஸ்திரி அவனைப் பார்க்கவே இல்லை. காசைச் சுவரிலிருந்த சாமி மாடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"வேணாம். அன்னைக்குச் சிதை பக்கத்துலதான் நான் நின்னேன்," என்றார். "அவங்கள ஒரு தடவ எரிச்சது போதும்."